சோளக்காட்டில் தொங்கிய சி.டி.

எங்கள் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததற்குக் காரணம் என் வயிற்றெரிச்சல். வேறு காரணம் சொன்னால் அது பொய். அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது கூடத்தில் அதைப் பார்த்தேன். வெள்ளையாக, மெலிசாக, வெறும் திரை மட்டும் நின்றது. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பெட்டி இல்லை.

"மத்ததெல்லாம் எங்கடி?" என்று கேட்டேன்.

"எல்லாம் அதுக்குள்ளயே இருக்குதுக்கா. இப்பெல்லாம் பெட்டி யாரு வெக்கறா?" என்றாள்.

அந்த "யாரு வெக்கறா" சுருக்கென்று தைத்தது. பெட்டி வைத்திருக்கிறவள் நான்தானே. அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். சின்ன வயதில் எனக்கு இரண்டு முழம் பூ என்றால் அவளுக்கும் இரண்டு முழம்தான் வாங்குவார்கள். ஆனாலும் அவள் தலையில் இருக்கிற சரம் மட்டும் நெருக்கமாகக் கட்டியதுபோல எனக்குத் தெரியும். இது என் சுபாவம். மாற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன்.

ராசிபுரத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. என் கணவருக்கு நாமக்கல்லில் கோழித்தீவன ஆலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை. காலையில் பைக்கை எடுத்தால் சாயங்காலம்தான் திரும்புவார். பேச்சு குறைவு. போட்டதைச் சாப்பிடுவார், துவைத்ததை உடுத்துவார். இன்னொரு தோசை வேண்டும் என்றுகூட வாய் திறக்கமாட்டார். தட்டைக் கழுவ எழாமல் உட்கார்ந்திருப்பார், நாமாகப் பார்த்துப் போட வேண்டும். அவரிடம் பையனின் படிப்பைச் சாக்குச் சொல்லி ஒரு மாதம் நச்சரித்தேன். "இருக்கறது ஓடுதே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் என்னோடு வாதாட அவருக்குத் தெம்பு கிடையாது.

இருந்தது ஓடத்தான் செய்தது. கல்யாணமான புதிதில் வாங்கிய கறுப்புப் பெட்டி. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து வைத்து முகப்பே மஞ்சளடித்துப் போயிருந்தது. ஒரு வருஷம் படையல் பொரி சி.டி. போடுகிற தட்டுக்குள் விழுந்து, அன்றிலிருந்து பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வராது. பக்கத்தில் இருக்கிற ஊசித்துளையில் சேப்டி பின்னை விட்டுக் குத்தினால் நாக்கை நீட்டும். குத்துகிற வேலை எனக்கு. வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பக்குவம் வரவில்லை.

கடைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டு புதியதை மாட்டிவிட்டுப் போனார். மாமா, என் மாமனார், சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதுல அந்த சி.டி. தட்டு எங்க சாமி போடறது?" என்று என்னிடம் கேட்டார்.

"அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க மாமா" என்றேன். தங்கை சொன்ன அதே தோரணை என் வாயில் வந்தது.

"அப்ப டிராயர்ல கெடக்கற தட்டெல்லாம்?"

"இனி எதுக்கும் ஆகாதுங்க. வேணும்னா எடுத்துக்கோங்க."

அவருக்கு எதற்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் மயில் தொல்லை. சோளம் கதிர் பிடித்தால் கூட்டமாக இறங்கும். வரப்போரம் குச்சி நட்டு, நைலான் கயிறு இழுத்து, பழைய சி.டி.யைக் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் பளிச் பளிச்சென்று அடிக்கும். கொஞ்ச நாளைக்காவது மயில் பயப்படும். பெரிய மனசோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, பழைய மேசையைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவதற்காக டிராயரைக் காலி செய்தேன். எங்கள் கல்யாண சி.டி. மூன்று, பையனுக்குக் காது குத்திய சி.டி., பாப்பா பாட்டும் சினிமாப் பாட்டுமாக ஒரு பதினைந்து, பிரிண்டரோடு வந்தது ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், வெள்ளைக் காகித உறையில் ஒன்று இருந்தது. இழுத்துப் பார்த்தேன். சி.டி.யின் மேலேயே நீல மார்க்கரில் உருண்டை உருண்டையான எழுத்து. "நேரம் கிடைக்கும்போது பார்" என்று. முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு.

எந்த ஆம்பிளை ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவான்?

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடிவயிற்றிலிருந்து எரிந்து வந்தது. தங்கை மேல் வருகிற எரிச்சலெல்லாம் இதற்கு முன்னால் சும்மா. "பாருங்க" என்றுகூட இல்லை, "பார்" என்று எழுதியிருக்கிறாள். நான் பதினாறு வருஷமாக "ஏனுங்க, என்னுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். அந்த "ஒண்ணுமில்ல"வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முதலில் உள்ளே இருப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு கேட்க வேண்டும். இன்னும் அவள் அவர் மனசில் இருக்கிறாளா இல்லையா, அது ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் பார்ப்பதற்கு வீட்டில் இருந்த ஒரே வழியை நானே ஒரு மாதம் அழுது அடம்பிடித்துத் துரத்திவிட்டிருந்தேன். புதுக் கம்ப்யூட்டரின் நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன். ஒரு காசு நுழைகிற இடுக்குக்கூட இல்லை.

மறுநாள் அதைக் காய்கறிப் பைக்குள் வைத்துக்கொண்டு ராசிபுரம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பட்டா, ஆதார் எல்லாம் எடுத்துக்கொடுக்கிற ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கே பெட்டிகள் இருந்தன. இரண்டில் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருந்தார்கள். மூன்றாவதில் தட்டின் வாய் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

"அது சும்மாங்க. ஒயரைப் புடுங்கி நாளாச்சு" என்றார் சென்டர்காரர். "பெண்டிரைவுல இருந்தாக் குடுங்க, என்ன பிரிண்ட் எடுக்கோணும்?"

"பிரிண்ட் இல்லீங்க. ஒரு சி.டி. பாக்கோணும்."

"கல்யாண சி.டி.ங்களா?"

"ஆமாங்க" என்றேன். பாதிப் பொய்தான். யாருடைய கல்யாணம் நடக்காமல் போனதோ யாருக்குத் தெரியும்.

வெளியே யு.எஸ்.பி.யில் மாட்டுகிற டிரைவ் தனியாக வருகிறது, சொன்னால் வரவழைத்துத் தருகிறேன் என்றார். சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது அது ஒரு வகையில் நல்லது என்றுபட்டது. பட்டா வாங்க வந்தவர்களுக்கு நடுவில் அவள் திரையில் வந்து சிரித்தால் நான் மூஞ்சியை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வேன்.

சி.டி.யைப் பீரோவில் ஒளிக்க நினைத்தேன். ஆனால் அவர் தேடி, இல்லையென்றால் உஷாராகிவிடுவார். அதனால் எடுத்த டிராயரிலேயே, மற்றவற்றுக்கு அடியிலேயே திரும்ப வைத்தேன். மாமாவிடம் வாக்குக் கொடுத்தது எனக்கு அறவே மறந்துபோயிருந்தது. என் நினைப்பெல்லாம் அவள்தான்.

டிரைவ் வருவதற்குள் ஐந்து நாளானது. அந்த ஐந்து நாளில் அவளை நான் முழுசாக உருவாக்கி முடித்துவிட்டேன். என்னைவிடச் சிவப்பு. இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை. இங்கிலீஷ் சரளம். அவர் இன்ஜினியரிங் படித்த காலத்தில் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கல்லூரி பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் ஏதாவது சொல்வாள், இவர் சிரிப்பார். எப்படிச் சிரிப்பார் என்று மட்டும் எனக்குக் கற்பனை வரவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் ரசத்தில் மிளகை அள்ளிப் போட்டேன். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். காரம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவளாக இருந்தால் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்குப் பூராவும் அதை நினைத்து நினைத்து வெந்தேன்.

ஐந்தாம் நாள் பிற்பகல் சென்டர்காரர் போன் செய்தார். போய் வாங்கிக்கொண்டு நாலு மணிக்கு வீடு திரும்பினேன். அவர் வர இன்னும் நேரம் இருந்தது, பையன் ட்யூஷனில். கதவைச் சாத்திக்கொண்டு டிரைவை மாட்டினேன். விளக்கு எரிந்தது. தாழ்வாரத்துக்கு ஓடி டிராயரை இழுத்தேன். காலி. காகித உறை மட்டும் கிடந்தது.

மாமா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, டிராயர்ல இருந்த சி.டி. எல்லாம்?"

"காலைல காட்டுக்குக் கட்டியுட்டன் சாமி. நீதான எடுத்துக்கச் சொன்ன? போய்ப் பாரு, சும்மா தகதகன்னு இருக்குது. இனி ஒரு மயிலு வராது."

ஓடினேன். நடந்தேன் என்று சொல்ல ஆசை, ஆனால் ஓடினேன். கிழக்கு வரப்பில் தொடங்கிப் பாதை வரை கயிறு இழுத்திருந்தார். கதிர் பிடித்த சோளம் தலைக்கு மேல் நின்றது. வரப்போரக் கயிற்றில் தலை உயரத்துக்கு இருபதுக்குக் குறையாமல் தொங்கிச் சுழன்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்துத் திருப்பினேன். பாப்பா பாட்டு. பிரிண்டர். காதுகுத்து. எங்கள் இரண்டு பேர் படமும் போட்ட கல்யாண சி.டி. கையில் வந்தது, அதையும் தள்ளிவிட்டுப் போனேன். சோளத்தோகை முகத்தை அறுத்தது. சி.டி. ஒன்று நெற்றியில் அடித்துக் கீறியது. அவளுடைய எழுத்தைத் தேடி இந்த வெயிலில் இப்படி அலைகிறேனே என்று எனக்கே என்மேல் கேவலமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. ஏழெட்டுக்கு அப்புறம் அந்தப் பொட்டு கண்ணில் பட்டது. கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து எடுத்தேன்.

அப்போது பாதையில் பைக் சத்தம் கேட்டது.

வழக்கமாக வீட்டு வாசலில்தான் நிற்கும். அன்றைக்குக் காட்டோரமே நின்றது. சாய்ந்த வெயிலில் சி.டி.க்கள் மின்னியதை ரோட்டிலிருந்தே பார்த்திருப்பார் போல. நான் சோளத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன். அவர் ஹெல்மெட்டைக்கூட வண்டியில் மாட்டவில்லை, கீழே வைத்துவிட்டு வரப்பில் ஏறினார். பாதைப் பக்கமிருந்து முதல் சி.டி.யைப் பிடித்துத் திருப்பினார். விட்டார். இரண்டாவதைத் திருப்பினார். விட்டார். ஆபீஸ் பேண்ட் முழுக்க முள். அவர் கவனிக்கவே இல்லை. ஒன்றைத் திருப்பி முடிப்பதற்குள் கண் அடுத்ததற்குப் போனது.

கல்யாண சி.டி. அவர் கைக்கு வந்தது. திருப்பினார். எங்கள் படத்தைப் பார்த்தார். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

நானும் அதையேதான் செய்திருந்தேன். அதெல்லாம் அப்போது ஞாபகம் வருமா? ஒரு சாவி, ஒரு சட்டை, நான், எதையும் இந்த மனுஷன் இப்படித் தேடி நான் பார்த்ததே இல்லை. கோயில் திருவிழாவில் ஒரு தடவை கூட்டத்தில் தொலைந்துபோனேன். வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நானாக வரட்டும் என்று காத்திருந்தவர் அவர்.

வெளியே வந்தேன். கையை நீட்டினேன்.

"இதுங்களா தேடறீங்க?"

அவர் பொட்டைப் பார்த்தார். என் நெற்றியில் இருந்த காயத்தைப் பார்த்தார். "ம்" என்றார்.

"யாருங்க?"

"கூடப் படிச்சது. கடைசி நாளு குடுத்துச்சு."

"இதுல என்ன இருக்குது?"

"தெரியாது."

"தெரியாதுன்னா என்னங்க அர்த்தம்?"

"நான் போட்டுப் பாக்குல."

பதினாறு வருஷம் அந்தக் கறுப்புப் பெட்டி வீட்டில் இருந்தது. டிராயருக்கும் அதற்கும் இரண்டு ஜாண் தூரம். சேப்டி பின்னை விட்டுக் குத்தக்கூட நான் இருந்தேன். பார்த்திருந்தால், பத்துத் தடவை பார்த்துச் சலித்து ஒரு மூலையில் போட்டிருந்தால், நான் எரிந்து கத்தி அழுது ஓய்ந்திருப்பேன். இவர் பார்க்காமலேயே வைத்திருந்திருக்கிறார்.

"ஏனுங்க பாக்குல?"

"பாக்கோணும்னு தோணல" என்றார். பேண்ட்டில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "வெச்சிருக்கோணும்னு தோணுச்சு" என்றார்.

எனக்கு வீம்பு வந்தது. "டிரைவ் வாங்கியிருக்கறனுங்க. இன்னைக்குத்தான் வந்துது. மாட்டித் தயாரா வெச்சிருக்கறேன். வாங்க, ரெண்டு பேரும் உக்காந்து பாக்கலாம்" என்றேன்.

அவர் சி.டி.யை வாங்கிச் சட்டை ஓரத்தில் புழுதி போகத் துடைத்தார். விளிம்பை மட்டும் பிடித்து, எழுத்தின் மேல் கை படாமல் துடைத்தார். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நீ பாரு. பாத்துட்டு, என்ன இருந்துதுன்னு எங்கிட்டச் சொல்லாத."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுக்கக் குனிந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் வாய் திறந்து கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.