யார் முதலில் உட்காருவது?

நம்பாதவர்கள் காட்டுப்பாக்கத்துக்கு வாருங்கள். மெயின் ரோட்டில் மெட்ரோ தூண் ஓரமாக நின்று யாரைக் கேட்டாலும் என் சேர் வாடகைக் கோடவுனைக் காட்டுவார்கள். உள்ளே எட்டு வெள்ளை பிளாஸ்டிக் சேர் எதிரும் புதிருமாகப் போட்டபடி கிடக்கும். அதில் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். நான் கதை விடுகிறேனா, உண்மையைச் சொல்கிறேனா என்று அப்புறம் பேசலாம்.

என் பெயர் அமல்ராஜ். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒரு வருஷம் ஐ.நா. அமைதிப்படையில், ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் இருந்தேன். நாட்டின் பெயர் வேண்டாம். ஆற்றுக்கு அந்தக் கரையில் தனி நாடு கேட்பவர்கள். இந்தக் கரையில் அரசாங்கப் படை. நடுவில் ஒரு பாலம், பாலத்தின் ஓரத்தில் ஒரு கூடாரம். அந்தக் கூடாரத்தில்தான் சமரசப் பேச்சு நடக்கும். அதில் என் வேலை என்ன தெரியுமா? சேர் போடுவது. சிரிக்காதீர்கள்.

இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். முதல் நாளே தகராறு. யார் முதலில் உட்காருவது? முதலில் உட்கார்ந்தவன் இறங்கிப் போய்விட்டான் என்று அர்த்தமாம். மதியம் முழுக்க எட்டுப் பேரும் சேருக்குப் பின்னால் விறைத்துக்கொண்டு நின்றார்கள். ஐ.நா. அதிகாரி தொண்டை வற்றக் கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளங்கையைக் குழித்து ஒரே அடி, பட்டென்று தட்டினேன். "உட்காருங்கய்யா!" என்று தமிழிலேயே கத்தினேன். திடுக்கிட்டு எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அதுவே சட்டம். என் கைதட்டலுக்குத்தான் உட்காருவார்கள். உட்கார்ந்து என்ன புண்ணியம்? கொடியின் நிறத்துக்கு ஒரு மாதம், பாலத்தில் சுங்கம் யார் வசூலிப்பது என்று இரண்டு மாதம். இன்றைக்கு எல்லாம் ஒத்துக்கொள்வார்கள். நாளைக் காலையில் வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறியிருக்கும். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறைதான்.

என் காலம் முடிந்து ஊர் திரும்பியபோது, சேர் போடும் வேலை கஜபதியிடம் போனது. ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டைக்காரன், எனக்குத் தம்பி மாதிரி. கைதட்டச் சொல்லிக்கொடுத்தேன். அவன் தட்டினால் கொசு அடிக்கிற மாதிரிதான் இருக்கும். கல்யாணமான ஒரே மாதத்தில் பானுப்பிரியாவை விட்டுவிட்டு வந்தவன். பேச்சு முடிந்தால்தான் லீவு என்று மூன்று தடவை ரத்து செய்துவிட்டார்கள். புருஷன் எப்போது வருவான் என்று அந்தப் பெண் இங்கே என்னைத்தான் கேட்கும்.

போன ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு கஜபதி போன் செய்தான்.

"அண்ணாத்தே! இன்னிக்கு கையெழுத்து. தலைநகர்ல எல்லாம் பேசி முட்சிட்டாங்கோ. எட்டு பேரும் ஒரே ஹெலிகாப்டர்ல வந்துகினு கீறாங்கோ."

"ஒரே ஹெலிகாப்டர்லயா? யாருடா மொதல்ல ஏறினது?"

"சீட்டு குலுக்கிப் போட்டாங்களாம்." சிரித்தான். "பானு கைல நீயே சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டா."

சொன்னேன். அவளும் நம்பவில்லை. "வரட்டும்ணா, பாக்கலாம்" என்றாள்.

அன்று சாயங்காலம் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து சேர்கள் திரும்பி வந்தன. எண்ணி அடுக்கிவிட்டு ஆட்களை அனுப்பிவிட்டேன். மழை கட்டிக்கொண்டு நின்றது. ஆறரைக்கு கரண்ட் போனது. ஷட்டரை இறக்கப் போனேன்.

கிரீச்...

சிமெண்ட் தரையில் பிளாஸ்டிக் இழுபடும் சத்தம். திரும்பி செல்போன் டார்ச்சை அடித்தேன். அடுக்கிலிருந்து எட்டு சேர் தனியே வந்திருந்தது. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. நடுவில் ஒரு மேஜைக்கு இடம்.

சரியாக நான் அங்கே போடுகிற மாதிரி.

சுமை இறக்கிய பையன்கள் விளையாடிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நாலு வார்த்தை திட்டிக்கொண்டே திரும்ப அடுக்கினேன். ஷட்டர் பக்கம் திரும்பினேன்.

கிரீச்... கிரீச்...

மறுபடியும் எட்டு. அதே இடம். இந்தத் தடவை சேரின் மேல் ஏதோ தூசி. விரலால் தொட்டேன். செம்மண். சூடாக இருந்தது. காட்டுப்பாக்கத்தில் ஏது செம்மண்? இந்த நிறம் எனக்குத் தெரியும். ஒரு வருஷம் யூனிபார்மிலிருந்து துவைத்துத் துவைத்தும் போகாத நிறம்.

அப்போதுதான் காலடி கேட்டது.

ஒரு பக்கம் பூட்ஸ். டக்... டக்... டக்...

இன்னொரு பக்கம் டயர் செருப்பு. சரக்... சரக்... தனி நாடு கேட்கிறவர்கள் பழைய டயரை வெட்டித்தான் செருப்பாகப் போட்டிருப்பார்கள்.

சேருக்குப் பின்னால் வந்து நின்றது. இரண்டு பக்கமும்.

டார்ச்சைத் திருப்பினேன். யாரும் இல்லை.

ஆனால் மூச்சு விடுகிறார்கள். எட்டுப் பேர்.

ஒருவர் இருமினார்... எனக்குத் தெரிந்த இருமல். டயர் செருப்புக்காரர்களில் பெரியவர். என்னிடம் இஞ்சி டீ கேட்டு வாங்கிக் குடிப்பவர்.

ஓடத்தான் நினைத்தேன்.

யாரும் உட்காரவில்லை.

நிற்கிறார்கள்...

நின்றுகொண்டே இருக்கிறார்கள்...

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பயத்திலும் எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷம் பார்த்த அதே கூத்து. கடல் தாண்டி என் கோடவுனுக்கே வந்துமா இந்த வீம்பு? அங்கே ஒருத்தன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கக் காத்துக்கொண்டிருக்கிறான்.

"உட்காந்து தொலைங்கய்யா! அவன் ஊட்டுக்கு வரணும்!"

கையைக் குழித்தேன். தட்டினேன்.

பட்!

எட்டு சேரும் ஒன்றாக முனகியது. ஆள் பாரம் ஏறினால் பிளாஸ்டிக் போடுமே, அந்தச் சத்தம்.

அப்புறம் ஒன்றுமே இல்லை. இருமல்கூட இல்லை.

பக்கத்தில் இருந்த சேரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. ஒரு கையால் ஆறு சேர் தூக்குகிறவன் நான்...

பாக்கெட்டில் போன் அலறியது. உயிரே போய்விட்டது. பானுப்பிரியா. மணி 6.47.

"அண்ணா, அவுருக்கு போன் போவ மாட்டேங்குது. செய்தில இன்னான்னவோ சொல்றாங்கோ... நீ கொஞ்சம் பாருண்ணா."

ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடினேன்.

வீட்டில் கரண்ட் வந்திருந்தது, டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை. நம்ம நேரத்துக்கு மதியம் இரண்டு மணி. எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நீ சுட்டாய், நான் சுடவில்லை என்று இரண்டு கரையும் சாயங்காலமே குண்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். அத்தனை மாதப் பேச்சு ஒரே நாளில் மண்ணாய்ப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியமே செத்தவர்களை ஆறே முக்காலுக்கு உட்கார வைத்தேனே, அதை யாரிடம் சொல்வது?

கஜபதியிடமிருந்து இரண்டு நாள் தகவல் இல்லை. பானுப்பிரியா எங்கள் வீட்டிலேயே சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் உயிரோடு இருக்கிறான் என்று செய்தி வந்தது. அவள் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது.

பத்து நாள் கழித்து வந்தான். ஒரு காதில் பஞ்சு. என் வீட்டு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணாத்தே, ஹெலிகாப்டர் வுழுந்த சேதி எங்களுக்கு வரவேல்ல. வயர்லெஸ் டெட்டு. அதிகாரி ரோட்டு வழியா வந்துகினு இருந்தாரு. நான் சேரைப் போட்டுட்டு கூடாரத்துல தனியா குந்திகினு இருந்தேன். ஒருத்தரும் வரல. அப்போ உள்ளாற யாரோ கை தட்னாங்கோ."

நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன்.

"என்னுது மாரி இல்ல. கைய குழிச்சு, பட்டுன்னு. அது உன் கைதான். தட்ன உடனே எட்டு சேரும் ஒண்ணா கிரீச்சுன்னுச்சு. சேர்ல ஒருத்தரும் இல்ல. எழுந்து உட்டேன் பாரு ஓட்டம். நூறு அடிகூட போவல, கூடாரத்து மேல குண்டு வுழுந்துச்சு."

"அப்போ மணி இன்னாடா?"

"நாலே காலு."

அங்கே நாலே கால் என்றால் இங்கே ஆறே முக்கால்.

சரி, என் கைதட்டலால் ஒருத்தன் வீடு வந்து சேர்ந்தான், போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இந்த மாதம் அங்கே மறுபடியும் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. புது ஆட்கள், புதுக் கூடாரம், புது சேர். இப்போது சேர் போடுகிறவன் பாண்டியன், மதுரைக்காரன். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தேன். கஜபதி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பாண்டியன் அவனுக்குப் போன் போட்டான். கஜபதி ஸ்பீக்கரில் வைத்தான்.

"அண்ணே, பேச்சு நின்னு போச்சுண்ணே. எவனும் உட்கார மாட்டேங்கிறாங்க."

எனக்கு எரிச்சல். "கையைத் தட்டுடா."

"தட்டுனேண்ணே. ஒருத்தர் உட்கார்ந்தாரு. உட்கார்ந்த வேகத்துல எந்திரிச்சுட்டாரு."

"ஏன்?"

பாண்டியன் குரலைத் தாழ்த்தினான்.

"யாரு மடிமேலயோ உட்கார்ந்த மாதிரி இருந்துச்சாம்ணே..."

கஜபதி போனை அணைத்துவிட்டான். நான் நேரே கோடவுனுக்குப் போனேன். ஆகஸ்டிலிருந்து அந்த எட்டு சேரும் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. நாலு ஆள் சேர்ந்து இழுத்தும் நகரவில்லை. அன்றைக்குக் கை தட்டினேன், கும்பிட்டேன், திட்டினேன், எழுந்து போங்கய்யா என்று கெஞ்சினேன். அந்த ஒரு வருஷம் எழுந்திருக்கச் சொல்ல எனக்கு வேலையே இருந்ததில்லை. உட்காரத்தான் மாட்டார்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போவதில் எட்டுப் பேரும் நான் முந்தி, நீ முந்தி என்று போட்டி போடுவார்கள். இப்போது ஒருவர்கூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள்.