பிலோமினா ரீச்சரின் நாற்பது அரசர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்காக மேலங்கியின் ஒரு கையை மாட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ரீச்சரின் மகள் ஜெசிந்தா எடுத்திருந்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா. விடிய ஆறு மணிபோலை," என்றாள். நான் "ஓம் பிள்ளை" என்றேன். மேலங்கியைக் கழற்றிக் கொழுவிவிட்டு, சப்பாத்தோடேயே கதிரையில் இருந்தேன். அழுகை வரவில்லை. களைப்பாக இருந்தது. இந்த வயதில் துக்கம் வந்தால் அப்படித்தான் வருகிறது.

ஒஸ்லோவுக்கு வந்த பின் நான் எழுதும் ஆறாவது அஞ்சலி இது. முந்திய ஐந்திலும் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று எழுதினேன். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. அவர் இருந்து வாசித்திருந்தால் அந்த வரியின் கீழ் கோடிட்டு, "என்ன இழப்பு? விபரம் தருக" என்று ஓரத்தில் எழுதியிருப்பார். ஆகவே விபரம் தருகிறேன்.

திருமதி பிலோமினா சவரிமுத்து யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பாடசாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் சரித்திரம் படிப்பித்தவர். அதே பாடசாலையில் நான் கணிதம் படிப்பித்தேன். அவர் கத்தோலிக்கர், நான் சைவம். ஆனால் சிறுவயதில் எங்கள் இருவரையும் படிப்பித்து வளர்த்தவர்கள் ஒரே சபையைச் சேர்ந்த சிஸ்டர்மார்தான். பிரித்த புத்தகத்தைக் குப்புற வைக்கக்கூடாது, வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு எழும்பக்கூடாது என்ற பழக்கங்களை இரண்டு பேரும் அங்கேயே படித்தோம். அவர் மகளோடு முதலில் நோர்வேக்கு வந்தார். என் கணவர் இறந்தபின் நான் மகனிடம் வந்து ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் இருந்தேன். மருமகனுக்கு எண்ணெய்க் கம்பனியில் வேலை கிடைத்து ஜெசிந்தா குடும்பம் ஸ்தவாங்கருக்குப் போனபோது ரீச்சர் கூடப் போக மறுத்துவிட்டார். "அங்கை எந்நாளும் மழை. மழைக்கும் மருமகனுக்கும் நடுவிலை என்னாலை இருக்கேலாது," என்றார். ஒஸ்லோவிலேயே, அம்மருட்டில் ஒன்பதாம் மாடியில் தனியாக இருந்தார். வியாழக்கிழமைகளில் நான் ரயில் மாறிப் போவேன்.

அவரிடம் படித்த பிள்ளைகள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்களுக்குப் பட்டியல் நினைவிருக்கும். இங்கிலாந்தின் அரசர்கள், வெற்றிவீரன் வில்லியம் தொடக்கம் இரண்டாம் எலிசபெத் வரை. பாடத்திட்டத்தில் இருந்து அது எடுபட்டுப் பல வருடமான பிறகும் அவர் விடவில்லை. வெள்ளைக்காரன்மேல் இருந்த பக்தி என்று சிலர் நினைத்தார்கள். அவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எட்டாம் ஹென்றியைப் பற்றி வகுப்பில் அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. "வரிசை தெரியாதவைக்குச் சரித்திரம் தெரியாது. ஊர்க்கதைதான் தெரியும்," என்பார். யாருக்குப் பின் யார், எப்படி வந்தார், உரிமையோடு வந்தாரா, பறித்துக்கொண்டு வந்தாரா. அதைக் கேட்கப் பழகுகிற பிள்ளை தன் நாட்டிலும் அதைக் கேட்கும் என்பது அவருடைய எண்ணம்.

அவருடைய பட்டியலில் நாற்பது இடங்கள். மூன்றாம் வில்லியமும் மேரியும் சேர்ந்து ஆண்டதால் இருவருக்கும் ஒரே இடம். அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை ஜேன் கிரேயைப் பற்றியது. ஆறாம் எட்வேர்ட் இறந்தவுடன் ஒரு பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணை அரசியென்று அறிவித்தார்கள். ஒன்பது நாளில் இறக்கிவிட்டு மேரியை வைத்தார்கள். பிறகு அந்தப் பெண்ணின் தலையை வெட்டினார்கள். ரீச்சர் அவளை எண்ணமாட்டார். நான் எண்ணுவேன். எனவே என் பட்டியல் நாற்பத்தொன்று.

இந்தச் சண்டை ஆசிரியர் அறையில் தொடங்கியது. "ஒன்பது நாள் கதிரையிலை இருந்தவ ராணியெண்டால், பிரின்சிப்பல் லீவிலை போன கிழமை நானும் பிரின்சிப்பல்தான்," என்றார் அவர்.

"தலை வெட்டினது ஏன்? ராணியாய் இருந்ததுக்குத்தானே. வெட்டுறதுக்கு ராணி, எண்ணுறதுக்கு இல்லையோ?" என்றேன்.

"மிஸிஸ் கனகசபை, நீர் கணக்கைப் பாரும். ஆர் ராணி எண்டதை நான் பாக்கிறன்."

நாற்பது வருடத்தில் இருவரும் ஓர் அங்குலம் அசையவில்லை. எங்களுக்குள் இருந்த ஒரே பகை அது. அதை இருவரும் பத்திரமாகப் பேணினோம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒரு கோடையில் அவரை அக்கர்ஸ்ஹூஸ் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நிலவறையில் நோர்வேயின் மோட் அரசியின் கல்லறை இருக்கிறது. அவர் இங்கிலாந்தின் ஏழாம் எட்வேர்டின் மகள். வெள்ளைக் கல்லின் முன் நின்று, "இவவின்ரை தகப்பன் முப்பத்தாறாவது," என்றார் ரீச்சர். நான், "முப்பத்தேழு," என்றேன். "முப்பத்தாறு." "ஜேனோடை முப்பத்தேழு." குரல் எங்களை அறியாமல் உயர்ந்திருக்கவேண்டும். காவலில் நின்ற பெண் கிட்ட வந்து உதட்டில் விரலை வைத்தாள். வெளியே வந்து வாங்கில் இருந்த பிறகு அவர் சொன்னார்: "அந்தக் காலத்திலை எண்டால் எங்கள் ரெண்டு பேரையும் உள்ளுக்குப் போட்டிருப்பாங்கள். உம்மைக் கட்டாயம் போட்டிருப்பாங்கள்."

அதற்கடுத்த வருடத்தில்தான் மாற்றம் தெரியத் தொடங்கியது. அடுப்பில் தண்ணீர் வற்றிக் கேத்தல் கருகியது. ஒரே கதையை ஒரே பின்னேரத்தில் இரண்டு முறை சொன்னார். ஜெசிந்தா ஸ்தவாங்கரில் இருந்து வந்து நின்று பார்த்துவிட்டு மாநகரசபைக்கு விண்ணப்பம் எழுதினாள். முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு. அவளைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. விமானத்தில் வரும் தூரத்தில் இருந்துகொண்டு, ஒவ்வொரு இரவும் தாயின் அடுப்பை நினைத்துக்கொண்டு படுப்பவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் ரீச்சர் அந்த இல்லத்தை ஒருமுறை போய்ப் பார்த்திருந்தார். "அங்கை தமிழிலை ஒருத்தரும் கதைக்கமாட்டினம். நான் ஊமையாய்ச் சாகவேணுமோ?" என்று என்னிடம் கேட்டார். அவர் எதற்கும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றும் கெஞ்சவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

முடிவெடுக்க முன் ஆஸ்பத்திரியில் ஒரு ஞாபகப் பரிசோதனை வைத்தார்கள். தேறினால் வீட்டில் இருக்கலாம், உதவியாளர் வந்து போவார். தேறாவிட்டால் இல்லம். ஜெசிந்தாவுக்கு அன்று வரமுடியவில்லை. நான் கூடப் போனேன். மின்தூக்கியில் ஏறும்போது அவர் என் முழங்கையைப் பிடித்து, "எனக்காகப் பொய் சொல்லாதையும். பொய் சொல்லி இருக்கிற வீட்டிலை எனக்கு நித்திரை வராது," என்றார்.

மொழிபெயர்ப்புக்கு வந்திருந்தவர் தமிழ்நாட்டுப் பெண். நல்ல மனுசி.

"பாட்டி, இன்னைக்கு என்ன தேதின்னு டாக்டர் கேக்குறாங்க."

"நான் உமக்குப் பாட்டி இல்லை. மிஸிஸ் சவரிமுத்து."

"சாரிங்க மேடம். இன்னைக்கு என்ன தேதி?"

இரண்டு நாள் பிந்திய திகதி ஒன்றைச் சொன்னார். இப்போது என்ன பருவகாலம் என்று கேட்டதற்கு, "இஞ்சை எப்பவும் குளிர்தானே, அதுக்கு நாலு பெயர் என்னத்துக்கு?" என்றார். டொக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாளில் ஏதோ குறித்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார்கள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு. அதோடு நின்றுவிட்டது. ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பரீட்சை மண்டபத்தில் பிள்ளையின் கண்ணைப் பார்க்கக்கூடாது என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

"அவவிட்டைச் சொல்லும்," என்றார் மொழிபெயர்ப்பாளரிடம். "கணக்கு மிஸிஸ் கனகசபையின்ரை பாடம். நான் சரித்திரம். வில்லியம் தொடக்கம் இண்டைய எலிசபெத் வரைக்கும் இங்கிலாந்தின்ரை அரசர் எல்லாரையும் சொல்லுவன். பின்னாலை இருந்து முன்னுக்குச் சொல்லுவன். டொக்டர் சொல்லுவாவோ எண்டு கேளும்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ரீச்சர் எழுந்து நின்றார். இரண்டாம் எலிசபெத், ஆறாம் ஜோர்ஜ், எட்டாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ். குரல் பழைய வகுப்பறைக் குரல். நான் மடியில் விரல் மடித்து எண்ணினேன். ஆன், வில்லியமும் மேரியும், இரண்டாம் ஜேம்ஸ். எங்கும் தடக்கவில்லை. முதலாம் ஜேம்ஸ், முதலாம் எலிசபெத், மேரி.

"ஜேன்," என்றார். "ஆறாம் எட்வேர்ட். எட்டாம் ஹென்றி."

அப்படியே போய் வெற்றிவீரன் வில்லியத்தில் முடித்து, கதிரையில் இருந்தார். என் விரல்களில் நாற்பத்தொன்று.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "அவங்க கரெக்டா சொன்னாங்களான்னு கேக்குறாங்க. டாக்டருக்கு அந்த லிஸ்ட் தெரியாதாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். ஒருவருக்கும் அரைப் புள்ளி சும்மா போட்டதில்லை. பட்டியலில் பிழை இல்லை. என் கணக்கின்படி அன்றுதான் அவர் முதன்முறையாக அதைச் சரியாகச் சொன்னார். ஆனால் என் பிலோமினா ரீச்சர் செத்தாலும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். அந்த ஒரு பெயரில் அவர் நினைவு போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

"சரி," என்றேன். "எல்லாம் சரி."

உதவியாளரோடு வீட்டில் இருக்கலாம், ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்று எழுதினார்கள்.

ரயிலில் வரும்போது, "ஜேனையும் சேர்த்துச் சொன்னீரே," என்று மெதுவாகக் கேட்டேன். "எந்த ஜேன்?" என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன்பின் பதின்மூன்று மாதம் அவர் தன் வீட்டில் இருந்தார். வியாழன் மட்டும் போன நான் ஒன்றுவிட்ட ஒருநாள் போனேன். என் முழங்கால்களுக்கு அது பிடிக்கவில்லை. மகனுக்கும் பிடிக்கவில்லை. "அம்மா, அவவைப் பாக்கப் போய் நீங்கள் விழுந்தால் உங்களை ஆர் பாக்கிறது?" என்றான். நியாயமான கேள்விதான். சமைத்தேன், துவைத்தேன், மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைத்தேன், ஞாயிறுகளில் பூசைக்குக் கூட்டிச் செல்ல ஆள் பிடித்தேன். அவர் சில நாள் என்னை யாரென்று தெரியாமல் மரியாதையாகக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். சில நாள் முழுத் தெளிவாக இருந்தார்.

அப்படி ஒரு தெளிந்த நாளில், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நான் எத்தினை சொன்னனான்?"

பொய் சொல்லக்கூடாதென்று சொன்னவர். "நாப்பத்தொண்டு," என்றேன்.

"அப்ப எனக்குப் பிழைச்சுப்போச்சு."

"என்ரை கணக்கிலை சரி."

"உம்மடை கணக்கு அண்டும் பிழை, இண்டும் பிழை," என்றார். பிறகு சிரித்தார். "பிழையான கணக்காலை ஒரு வீடு மிஞ்சினது. பேசாமல் இரும். ஜெசிந்தாவுக்குச் சொல்லாதையும்."

பெப்ரவரியில் ஒரு காலை, வீட்டுச் செருப்போடு இறங்கிப் போய், பாடசாலை பஸ்ஸுக்கென்று பனியில் நின்றிருக்கிறார். எட்டாம் மாடியில் இருக்கும் சோமாலியப் பெண் கண்டு, தன் சால்வையால் சுற்றிக் கூட்டிவந்தார். அதையும் நான் ஜெசிந்தாவுக்குச் சொல்லவில்லை. அடுத்த கிழமை நெஞ்சில் சளி கட்டியது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில். அங்கிருந்துதான் அந்த ஞாயிறு அழைப்பு வந்தது.

அடக்கம் முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் கோப்பி கொடுத்தார்கள். ஜெசிந்தா என் அருகில் வந்து இருந்தாள். பனியில் நின்ற கதையைச் சோமாலியப் பெண் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

"அன்ரி, அம்மா மறந்துகொண்டு வாறா எண்டு அந்தச் சோதினையிலையே உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"ஏன் டொக்டருக்குச் சொல்லேல்லை?"

"டொக்டர் கேட்டது பட்டியல் சரியோ எண்டு. பட்டியல் சரி."

"அது கணக்கு ரீச்சற்றை மறுமொழி அன்ரி."

ஓம், என்றேன். அவள் என் கையிலிருந்த வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. இன்றுவரை தொலைபேசியும் எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவளுடைய தாயின் சில மாதங்களையோ சில வருடங்களையோ நான் என் ஒரு சொல்லால் எடுத்துவிட்டிருக்கலாம். அந்தச் சொல்லால் அவர் பதின்மூன்று மாதம் தமிழில் பேசிக்கொண்டு இருந்தார் என்பதும் உண்மை. இரண்டையும் எப்படிக் கூட்டிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இப்படியான கணக்கை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

எனக்கும் அந்தப் பரிசோதனைக்கு அழைப்பு வந்திருக்கிறது. மகன் எழுதிப் போட்டிருக்கிறான். ஏழு ஏழாகக் குறைக்க எனக்குச் சிரமம் இராது. ஆனால் நாற்பத்தொரு பெயரையும் நான் சொல்லி முடித்தால், "அது பிழை, ஒண்டு கூடிப்போச்சு" என்று எழும்பிச் சொல்ல ஒஸ்லோவில் இனி ஒருவரும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மறுப்பு ஒன்றுதான். வியாழக்கிழமைகளில் பட்டியலைப் பின்னாலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். மேரியை விட்டு ஜேனுக்கு வரும் இடத்தில் நின்றுகொள்கிறேன். அவர் குறுக்கிடுவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கிறேன். பிறகு மிகுதியைச் சொல்கிறேன்.