குந்துக் கடைக்கு முன்னால் ஒரு பெட்டி

என் அம்மா ஸ்தோய்மென்கா கதிர்வீச்சால் சாகவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தாள். மருத்துவமனைச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் கட்டடத்தின் பொறுப்பாளர் பர்வானுக்கு மட்டும் அது போதவில்லை.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். பல்கேரியாவின் சோஃபியாவில் எங்கள் கட்டடத்தின் நிலவறை ஜன்னல்கள் நடைபாதையை ஒட்டி இருக்கும். சாக்ஸ் ஆலையை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது, அம்மா நிலவறையில் எங்களுக்கு உரிய அறையில் அலமாரி அடித்து, ஜன்னலைத் திறந்துவைத்து, இது கடை என்றாள். சிகரெட், பீர், சூரியகாந்தி விதை, காப்பி. வாங்க வருபவர் தெருவில் குந்தித்தான் கேட்க வேண்டும். ஊரில் இந்த வகைக்கே குந்துக் கடை என்று பெயர். மற்றவர்கள் காசு சேர்ந்ததும் தரைமட்டத்துக்கு ஏறிவிட்டார்கள். அம்மா ஏறவில்லை. அவளுக்கு அந்த உயரம் பிடித்திருந்தது.

“வங்கி மேனேஜர் வந்தாலும் குந்தணும், போலீஸ்காரன் வந்தாலும் குந்தணும். நான் மட்டும் நாற்காலியில உக்காந்திருப்பேன்” என்பாள்.

பர்வானிடம் இன்னும் மோசம். “மெதுவா, மெதுவா. உன் முழங்கால் உடையற சத்தத்துல என் பீர் பாட்டில் விழுந்துடப் போகுது.”

போன வசந்தத்தில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆட்கள் வந்து, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து மூலையில் ஆரஞ்சு பெயிண்டால் ஒரு சதுரம் போட்டுவிட்டுப் போனார்கள். இணைய இழைகளுக்கான பெட்டி அங்கே வரும் என்று அர்த்தம். அந்த மூலை யாருக்கும் சொந்தமில்லை. பர்வான் கார் நிறுத்துவது அங்கே. பனிக்காலத்தில் தான் பனி அள்ளிய இடம் என்று சொல்லி, உடைந்த நாற்காலி ஒன்றைப் போட்டுக் காவல் வைப்பார்.

தோண்ட வந்த அன்று கார் சதுரத்தின் மேல் நின்றது. பர்வான் கதவைத் திறக்கவில்லை. போனை எடுக்கவில்லை. மேலே அவர் வீட்டு ஜன்னல் திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டு, அளவு நாடாவை இழுத்துச் சுவரோரம் அடுத்த காலி இடத்தைத் தேடினார். அது அம்மாவின் ஜன்னலுக்கு நேர் முன்னால் இருந்தது. அம்மா சரக்கு வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். குந்தினால் முழங்கால் தகரத்தில் இடிக்கும். அவ்வளவுதான் பிரச்சினை. அதைச் சரிசெய்ய நகராட்சிக்கு அந்த ஒரு வாக்கியத்தை எழுதினாலே போதும்.

எங்கள் கட்டடத்து மனிதர்களுக்கு அந்த வாக்கியம் சின்னதாகத் தெரிந்தது. மாடிப்படியில் கூட்டம் போட்டார்கள்.

“பெட்டி வந்ததிலேருந்து எனக்குத் தலை சுத்துது” என்றாள் மூன்றாம் மாடி ருசலினா. பெட்டிக்குள் அதுவரை ஒரு இழைகூட இழுக்கவில்லை. வெறும் தகரம்.

“அத்தை, அதுக்கு மின்சாரமே வராது. உள்ள கண்ணாடி இழைதான், அதுல வெளிச்சம் போகும். வேற ஒண்ணும் இல்ல” என்றேன். இந்த இழைப் பாதைகளை வடிவமைப்பதுதான் என் வேலை.

“நீ அவனுங்க ஆளு” என்றார் பர்வான்.

“அது வேற நிறுவனம், மாமா. கடை ஜன்னலை மறைக்குதுன்னு எழுதுங்க. நகராட்சி அதுக்குப் பதில் சொல்லியே ஆகணும்.”

“ஒரு பீர்க் கடைக்காக எவன் வருவான்? மூளை, குழந்தைங்க, புற்றுநோய்னு எழுதினாத்தான் வருவான்.”

“மூளைன்னு எழுதாத பர்வானு” என்றாள் அம்மா. “வந்து எங்கேன்னு கேட்டா எதைக் காட்டுவே?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அம்மா தனியாக, ஜன்னலைப் பற்றி மட்டும் எழுதிக் கொடுத்தாள். ஒரே முகவரி என்பதால் நகராட்சியில் அதையும் இவர்கள் மனுவோடு சேர்த்துக் குத்திவிட்டார்கள்.

கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு ஒரு அதிகாரி வந்தார். பெட்டியைச் சுற்றி வந்தார். முள் அசையவில்லை. பர்வான் அருகே போய் எட்டிப் பார்த்தபோது அசைந்தது. அவர் சட்டைப் பையில் கைபேசி இருந்தது.

“தம்பி, இந்த ஜன்னலைக் கொஞ்சம் பாரு” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள் அம்மா.

“நான் கதிர்வீச்சுப் பிரிவும்மா. ஜன்னல் என் வேலை இல்ல. குடிக்கத் தண்ணி இருக்கா?”

“இருக்கு. குந்து, தரேன்.”

அவர் பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நுழைந்தார். தோள்பை மாட்டிக்கொண்டது. தண்ணீர் வாங்காமலே வெளியே வந்தார்.

கதிர்வீச்சு இல்லை, புகார்கள் ஆதாரமற்றவை என்று முடிவு வந்தது. அந்தப் புகார்களில் அம்மாவுடையதும் ஒன்று.

அதன்பிறகு அந்தப் பெட்டியிலிருந்து முதல் இணைப்பு வாங்கியது ருசலினா. தலைசுற்றல் நின்றுவிட்டது போலும். கால்பந்து பார்க்க பர்வானும் வாங்கினார். கடைக்கு வருபவர்கள் கொஞ்ச நாள் பக்கவாட்டில் நுழைந்து பார்த்தார்கள். பிறகு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனார்கள். கோடை முடிவதற்குள் அம்மா ஜன்னல் கதவைச் சாத்திக் கடையை மூடினாள்.

“தகரத்தோட முதுகைப் பாத்துக்கிட்டு உக்கார நான் என்னடி, அதுக்குக் காவல்காரியா?”

இலையுதிர்காலத்தில் செத்தாள். பெட்டி கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அவளுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. பெட்டி அவள் கடையை எடுத்தது. அதையும் பெட்டி தானாகச் செய்யவில்லை.

அடக்கத்துக்கு முந்தின வாரம்தான் இன்னொரு நிறுவனம் வந்து, பர்வான் கார் நிறுத்தும் அதே மூலையில் நீல பெயிண்டால் ஒரு சதுரம் போட்டிருந்தது. எங்கள் வழக்கப்படி கல்லறையில் ஒயின் ஊற்றி முடித்து, வேகவைத்த கோதுமையைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும்போது பர்வான் பக்கத்தில் வந்தார்.

“ரலித்சா, கண்ணு. இரங்கல் தாள் நாங்களே அடிச்சிட்டோம். நீ அலைய வேண்டாம்.”

விரித்துக் காட்டினார். அம்மாவின் படம். கீழே, கதிர்வீச்சுக்குப் பலியான எங்கள் அண்டைவீட்டுக்காரி.

“யாரு சொன்னா?”

“பெட்டி வந்த வருஷமே போயிட்டாளே, வேற என்ன வேணும்? இதைக் காட்டினா ரெண்டாவது பெட்டி வராது. உயிரோட இருந்தா அவளே சரின்னுதான் சொல்லியிருப்பா.”

“உயிரோட இருந்தா, காரை எடுன்னு சொல்லியிருப்பா.”

அவர் கோதுமையை மென்றார்.

வீட்டுக்கு வந்தால், தாள்கள் ஏற்கனவே ஒட்டியிருந்தன. வாசல் கதவில், மரத்தில், பெட்டியின் முகத்தில். எல்லாவற்றையும் ஈரத் துணியால் ஊறவைத்துக் கிழித்தேன். நானே ஒன்று அச்சடித்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம், பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். கீழே ஒரே வரி: ‘இந்த ஜன்னலில் கடை வைத்திருந்தார். முன்னால் பெட்டியை வைத்தார்கள்.’ வேறு எங்கும் ஒட்டவில்லை. பெட்டிக்குப் பின்னால், அந்த ஜன்னலின் சாத்திய கதவில், முழங்கால் உயரத்தில் ஒட்டினேன்.

இரங்கல் தாளைப் படிக்காமல் போவது எங்கள் ஊரில் மரியாதையில்லை. ருசலினா பக்கவாட்டில் நுழைந்து பார்த்தாள்.

“ஒண்ணும் தெரியலையேடி.”

“குந்துங்க அத்தை.”

குந்தாமல் போய்விட்டாள். பர்வான் வந்தார். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. மூச்சை உள்ளே இழுத்து நுழைந்தார். சுவரைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். முழங்கால் தகரத்தில் இடித்தது. படித்தார். எழ முயன்றார், முடியவில்லை. கை கொடுக்க நான் போகவில்லை. கடைசியில் பெட்டியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து, கன்னம் அதில் அழுந்த, ஒருவழியாக எழுந்து நின்றார்.

வெளியே வந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“இங்க ஒரு மனுஷன் குந்த இடமே இல்லையே” என்றார்.