சீக்கிரம் வரும் ஆட்டோ

அக்கா மகள் கல்யாணத்தில், மாலை மாற்றும்போது பெண்ணைத் தூக்கவேண்டிய தாய்மாமன் நான். மண்டபம் மயிலாப்பூரில், நானோ அடையாறில் நின்று போனில் ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தேன். வர எட்டு நிமிடம் ஆகும் என்றது. இதைவிடச் சீக்கிரம் ஒன்று வராதா என்று கேன்சல் செய்தேன். மறுபடி பிடித்தேன், மறுபடி கேன்சல்.

"நீங்க பிடிச்சிண்டே இருங்கோ" என்று மனைவி பஸ் ஏறிவிட்டாள்.

கடைசியில் வந்த ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், என்னையே கூப்ட்டு என்னையே கேன்சல் பண்ணிக்கினு கீறே?"

நான் போய்ச் சேர்வதற்குள் மாலை மாற்றி முடிந்திருந்தது. மணப்பெண் ஓடிவந்தாள்.

"மாமா, மாமிதான் என்னைத் தூக்கினா. ஆடவே இல்லை!"

ஆல்பத்தில் அவளைச் சுமந்தபடி என் மனைவி சிரிக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, எட்டு நிமிடம் எனக்கு நீளமாகத் தெரிவதில்லை.