கையோடு வந்த அச்சுக்கோப்பு

அனுமந்தன்பட்டி ரீட்டாவை யாராவது "பாவம், வேலை போன பிள்ளை" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை எங்கே போனது? அவள்தான் போனாள்.

தேனி பஜாரில் பொன்னுராஜ் அண்ணாச்சியின் டிடிபி கடையில் கணக்குப் பாடப் புத்தகங்களையெல்லாம் அடித்துக் கொடுத்தவள் அவள். கைக்குழந்தையை விட்டுவிட்டு தினமும் பஸ்ஸில் அல்லாட முடியாமல், வேலையை ஊர்ப்பக்கம் ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் முடித்து அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அண்ணாச்சி சிரித்திருக்கிறார்.

"ஏத்தா, இந்தக் கடைய விட்டு எறங்குனா ஒனக்கு ஒரு வகுத்தல் கோடு போட வருமா?"

அன்றைக்கே இறங்கிவிட்டாள். இனி அவரிடம் கைகட்டி நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டே இறங்கினாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வீராப்பு மட்டும் தாராளமாக இருந்தது.

நான் ஜெசி. கம்பம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வருஷம் எங்கள் கேள்வித்தாள் பரீட்சைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஊர்வலம் போனது. எங்கே கசிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. உடனே நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது: கேள்வித்தாள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டக் கூடாது, அடிப்பவர் இங்கே வந்துதான் அடிக்க வேண்டும். சட்டம் போடுவதற்கென்ன, யார் வேண்டுமானாலும் போடலாம். எங்கள் லேப் கம்ப்யூட்டர்களில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. அதற்கான பாஸ்வேர்டு எந்த மகராசனிடம் இருக்கிறதோ தெரியாது. இருப்பதை வைத்து அடித்தால் வர்க்கமூலக் குறி பாதி எண்ணோடு நின்றுவிடும், மிச்சத்தைப் பிள்ளைகள் ஜோசியம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரீட்டாவிடம் சொன்னேன். "எதையும் ஏத்த வேணாம் டீச்சர்," என்றாள். கணக்குக்குத் தோதான லேடெக் என்ற இலவச மென்பொருளை அவள் முழுசாக ஒரு பென் டிரைவுக்குள் வைத்திருந்தாள். செருகினால் அங்கிருந்தே ஓடும், உருவினால் கூடவே வந்துவிடும். கம்பத்தில் அவள் தம்பி ரூபன் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் ஓட்டிப் பார்த்தாயிற்று. "எந்தக் கம்ப்யூட்டரக் குடுத்தாலும் அடிப்பேன்."

தலைமையாசிரியர் மரிய ஜோசப் ஒத்திகைக்கு நாள் குறித்தார். பழைய கேள்வித்தாள் ஒன்றை அடித்துக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் எல்லா வகுப்புக் கணக்குத் தாள்களும் அவளுக்கு. வராவிட்டால் அண்ணாச்சிக்கு. அவர் கடைக் கம்ப்யூட்டரையே வேனில் ஏற்றிக்கொண்டு வரத் தயாராக இருந்தார். அப்படி ஆகிவிட்டால் ரீட்டா திரும்ப அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் கணக்கு அடிக்க வேறு போக்கிடம் இல்லை.

ஒத்திகை நாளில் அண்ணாச்சியும் வந்திருந்தார். பிள்ளைகளுக்கு அடையாள அட்டை அச்சடிக்கிற விஷயமாக வந்தாராம். நம்பிவிட்டோம்.

தாலிச் செயினில் ஊக்கோடு ஊக்காகத் தொங்கிக்கொண்டிருந்த பென் டிரைவைக் கழற்றி ரீட்டா செருகினாள். கேள்விகளை அடித்தாள். ஓடவிட்டாள். கோப்பைக் காணோம் என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனாள், அங்கேயும் அதே வரி. மூன்றாவதிலும் அதேதான்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல சார்," என்றார் அண்ணாச்சி. "வந்துரு ஆத்தா. ஒன் சேரு அப்படியே கெடக்கு."

ரீட்டாவின் காது சிவந்துவிட்டது. ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக இருந்தது. திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சர், ஃபோல்டருக்குப் பேரு வச்சிருக்கேன் பாருங்க."

பார்த்தேன். சேசு மரி சூசை. இயேசு, மாதா, சூசையப்பர் மூன்று பேரையும் துணைக்குக் கூப்பிடுவது எங்கள் கத்தோலிக்க ஆட்களின் வழக்கம். பரீட்சைத்தாளோ பலசரக்குச் சீட்டோ, தலைப்பில் அதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டோம். நானும் அப்படித்தான். அந்த மென்பொருளுக்குப் போகிற வழியில், அதாவது ஃபோல்டர் பேரில், இங்கிலீஷ் எழுத்துதான் இருக்க வேண்டும், நடுவில் இடைவெளியும் ஆகாதாம். ரீட்டா அந்த வழியில் மூன்று பேரைத் தமிழில், இடம் விட்டு உட்கார வைத்திருந்தாள்.

"கம்பத்துல மட்டும் எப்படி ஓடுச்சு?"

"அந்த மெஷின்ல முன்னாடியே ஏத்திப் பழகியிருந்தேன். அங்கன இருந்ததுதான் ஓடியிருக்கு. நான் பென் டிரைவுன்னு நெனச்சு மெதப்புல இருந்துட்டேன்."

பேரை மாற்றக் கை வைத்தவள் ஒரு நொடி தயங்கினாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்று பேரையும் அழித்துவிட்டு 'a' என்று ஒரே எழுத்தை வைத்தாள்.

"சாமி பேரவே அழிச்சிட்டியேத்தா," என்றார் அண்ணாச்சி, ரொம்பக் கவலையாக.

"சாமி கோவிச்சுக்கிட மாட்டாக அண்ணாச்சி. நீங்க வெசனப்படாதீக."

ஓடவிட்டாள். தாள் வந்தது. வர்க்கமூலக் குறி எண்ணின் கடைசி வரைக்கும் கூரை போட்டிருந்தது, முக்கோணம் முக்கோணமாகவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருஷமாகக் கோணல் முக்கோணத்தோடு மல்லுக்கட்டியவளுக்குத்தான் அது புரியும். மற்ற இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓட்டிக் காட்டினாள். அங்கேயும் வந்தது.

தலைமையாசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்கு. இன்னைக்கே அரையாண்டுத் தாள ஆரம்பிச்சிரலாம். ஆர்டர எந்தக் கடை பேர்ல போட? நிர்வாகத்துல கடைப் பேரு கேப்பாக."

"என் கடை பேர்ல போடுங்க சார்," என்று அண்ணாச்சி முந்திக்கொண்டார். "ரீட்டா நம்ம பிள்ளதான. நம்ம ஆளாவே வந்து அடிச்சுக் குடுக்கட்டும்."

தலைமையாசிரியர் பேனா மூடியைக் கழற்றினார். அவருக்கு அதுதான் தொந்தரவில்லாத வழி.

ரீட்டா குனிந்து பென் டிரைவை உருவினாள். திரையில் இருந்ததெல்லாம் போய்விட்டது.

"அண்ணாச்சி கடை பேரப் போட்டா அண்ணாச்சியே அடிச்சுக் குடுக்கட்டும் சார். நான் கெளம்புறேன்."

அண்ணாச்சி கீபோர்டைப் பார்த்தார். அவர் கடையில் இதுவரை கணக்கு அடித்ததெல்லாம் ரீட்டாதான்.

"ஒரு கடைன்னு வேணுமேம்மா," என்றார் தலைமையாசிரியர். "ஒனக்கு ஏது கடை?"

"நான் ஒக்காந்து அடிக்கிற எடம்தான் சார் கடை. ரீட்டா, அனுமந்தன்பட்டின்னு எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "அவ போயிட்டா கேள்வித்தாளக் கரும்பலகையிலதான் எழுதிப் போடணும் சார்," என்றேன். "நீங்கதான் எழுதணும், நான் எழுத மாட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டபடி எழுத ஆரம்பித்தார். ஊர்ப் பெயரின் கடைசி எழுத்து விழும்வரை ரீட்டா பென் டிரைவைச் செருகவில்லை.