துவைக்காத ஜெர்சி

அண்ணன் காய்ச்சலில் செத்தபோது பந்தாட்டக்காரர்களின் ஜெர்சிகள் எங்கள் வீட்டு மூலையில் மூட்டையாகக் கிடந்தன. வண்ணாந்துறையில் துணி வெளுப்பதுதான் எங்கள் பிழைப்பு. துறைமுகக் கூலிகள் சேர்ந்து நடத்திய டீமில் அண்ணன்தான் கோல் கீப்பர். டீமுக்குத் துவைத்துக் கொடுப்பதும் நாங்கள்தான். ஆனால் சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிறவரை ஊரார் துணியை நனைக்கக் கூடாது. அதனால் கடைசி ஆட்டத்துச் சேறோடு அப்படியே கிடந்தன.

எனக்கு அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. அம்மா தூங்கும்போது மூட்டையை அவிழ்த்து அண்ணனின் பச்சை ஜெர்சியை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வேன். வேர்வை, பீடி, தலைக்கு வைத்த எண்ணெய். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

காரியத்துக்கு முன்பே அடுத்த ஆட்டம் வந்துவிட்டது. டீம் கேப்டன் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஆட்டத்துக்கு வரலன்னா நம்ம டீமையே போட்டியிலேருந்து தள்ளிடுவானுங்க. அழுக்கா இருந்தாலும் பரவால்ல லா. நான் கப்பல்ல மூட்டை எறக்கிட்டு நேரா வர்றேன், பாடாங்குத் திடலுக்குக் கொண்டாந்துடு."

"பச்சையுமா அண்ணே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அதும்தான்மா."

மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த அப்பா, "குடுத்து அனுப்பு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாடாங்கில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆட்டக்காரர்கள் வெறுங்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மூட்டையை அவிழ்த்ததும் காய்ந்த சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. அண்ணனுக்குப் பதிலாக நிபோங் திபால் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். பச்சையை அவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பிடித்துக்கொண்டே நின்றேன்.

"அண்ணே, வேற சட்டை போட்டுக்கக் கூடாதா?"

"கோல் கீப்பருக்கு வேற கலர் வேணும்மா. நம்மகிட்ட இது ஒண்ணுதான் இருக்கு," என்றார் கேப்டன்.

"சாவு வீட்டுத் துணிடா, யோசிச்சுப் போடு," என்றான் ஒருவன்.

"அப்ப நீ வந்து கோல்ல நில்லேன்," என்றார் தோட்டத்துக்காரர். என் பிடி தளர்கிறவரை காத்திருந்து வாங்கிக்கொண்டார். ஜெர்சியின் கை அவருக்குக் குட்டையாக இருந்தது.

எதிர் டீம், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிமார்கள். கஞ்சி போட்ட வெள்ளை ஜெர்சியில் வந்தார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல்.

"டேய், சகதியில படுத்துட்டு வந்திருக்கானுங்கடா!"

"வண்ணானை வெச்சிருக்கிற டீமுக்கு வெளுக்க ஆளில்லையா? எங்கடா உங்க வண்ணான்?"

யாரோ அவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னார்கள். கூச்சல் அடங்கியது. பந்து உருண்டதும் மறுபடி கத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பச்சையைத் தவிர வேறு எதிலும் என் கண் போகவில்லை. 'அய்யா, விழாதீங்க, வேர்க்காதீங்க' என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கோல் கீப்பரைப் பார்த்து இப்படிக் கெஞ்சினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவர் விழுந்தார், புரண்டார். நல்ல ஆட்டம்தான், அண்ணனைவிட நல்ல ஆட்டம் என்றுகூடச் சொல்லலாம். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியும் நாங்கள் தோற்றோம்.

அவர் மரத்தடிக்கு வந்து ஜெர்சியைக் கழற்றிப் பிழியப் போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிழியாமலேயே நீட்டினார்.

"என்னால முடிஞ்சது அவ்ளோதான் தங்கச்சி."

கோல் விட்டதைச் சொல்கிறார் என்று புரிந்தது. தலையாட்டினேன். வழியில் ஒரு கடை ஓரம் ஒதுங்கி முகத்தில் வைத்துப் பார்த்தேன். மழையும் மண்ணும் அந்த மனுஷனின் வேர்வையும்தான் இருந்தன. காலர் மடிப்பிலும் தேடினேன்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா வெள்ளாவி மூட்டினார். பச்சையை நானே கல்லில் அடித்தேன். ஒரு அடிகூடக் குறைக்கவில்லை. கொடியில் எல்லா ஜெர்சியும் சவுக்கார வாசனையோடு காய்ந்தன. அடுத்த ஆட்டத்துக்கு அவற்றை மடித்தபோது பச்சையை ஒளித்து அடியில் வைக்கவில்லை; தோட்டத்துக்காரர் கைக்கு முதலில் எட்டும்படி மேலேயே வைத்தேன்.