மாடு உதைத்ததை மறைத்தேன்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். தொழுவத்தைக் கூட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, ஐந்தரைக்குக் கறக்க உட்கார்ந்தேன். மூன்று லிட்டர் வரை கறந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, சாணத்தில் கிடந்ததும் வாயில் ரத்தம் கரித்ததும்தான்.

அந்த மாடு நரிக்குடியிலிருந்து என் மனைவி காளீஸ்வரியின் அண்ணன் மூலம் வந்தது. பெண் வீட்டு மாடு உதைத்தது என்றால் அந்த வீட்டையே குறை சொன்னதாகிவிடும். வீட்டிலும் அருப்புக்கோட்டை டாக்டரிடமும், படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். நினைவு தப்பியதைச் சொல்லவே இல்லை. டாக்டர் என் உதட்டில் நான்கு தையல் போட்டார். இடது கன்ன எலும்பில் முறிவு என்றார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "நல்ல வேளை, மூஞ்சியோட போச்சு" என்றார்கள். நானும் நம்பினேன்.

மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்தது, தலைவலி தொடங்கியது. வலது கையிலிருந்து பேனா நழுவியது. ஜூலை 3 காலை மனைவியைக் கூப்பிட வாயெடுத்தேன். பெயர் வரவில்லை. இருபத்தாறு வருடமாகக் கூப்பிட்ட பெயர். "இந்தா" என்றேன்.

"என்ன புதுசா இந்தா? பேரச் சொல்ல மாட்டீகளோ?" என்று சிரித்தபடி வந்தவள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். சப்டியூரல் ஹெமட்டோமா (மூளைக்கும் அதன் வெளியுறைக்கும் நடுவே தேங்கும் ரத்தம்). "கன்ன எலும்பே முறியிற அடின்னா மூளையும் உள்ள குலுங்கியிருக்கும். உண்மையிலேயே படியில விழுந்ததா?" என்று டாக்டர் கேட்டார்.

மாடு என்றேன்.

"இத மறைக்கவா இம்புட்டு நாளு?" என்றாள் காளீஸ்வரி. "அது எங்கண்ணனையே ரெண்டு தடவ ஒதச்சிருக்கு. தெரிஞ்சா நீங்க வேணாம்பீகன்னு நாங்கதான் சொல்லல."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

முகத்தில் அடிபட்டவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதனால் பட்டது, நினைவு தப்பியதா, இரண்டையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கண்ணாடியில் தெரிவது பாதிக் காயம்தான்.

அன்று மாலையே மண்டையோட்டில் இரண்டு துளையிட்டு ரத்தத்தை வடித்தார்கள்.

ஜூலை 4, வியாழன். விழித்தபோது ஐந்து ஐம்பது. இடது கன்னம் மரத்து, வேறு யாருடையதோ போலிருந்தது. வலது கை விரல்கள் ஐந்தும் மடங்கின. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளை ஒரு முழுச் சுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆறு மணிக்குக் காளீஸ்வரியை உள்ளே விட்டார்கள். அவள் கட்டிலுக்கு வந்து சேருமுன்பே, முதல் வேலையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று முறை.

"ஒரு தடவ போதும். காது கேக்குது" என்றாள்.